கேட்டதும் பார்த்ததும்

போன இதழில், ‘சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிக் கேளுங்கள், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய வந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 1979-இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். கும்பகோணம், அப்புறம் சில வருஷம் திருச்சி, மறுபடியும் கும்பகோணம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களின் குரலோடு பாதி ஆயுள் போயிருக்கிறது. அதனால் படத்துக்குப் போனாலும் எனக்குக் காதுதான் முன்னால் போகும். கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் தெரிந்தவர்கள் எழுதட்டும். என்னிடம் கேட்டால் காதில் விழுந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

‘மெய்யழகன்’ வெளியான பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்களே, அது சரியா அம்மா? என் கணவர் இன்னும் வெட்டியிருக்கலாம் என்கிறார். எனக்கு வெட்டியதே பொறுக்கவில்லை.
(மன்னார்குடி வாசகி)

நான் உங்கள் பக்கம். 2024 செப்டம்பர் 27 அன்று படம் வந்தது. மறுநாள் சனிக்கிழமை மாலைக் காட்சிக்கே போய்விட்டேன். வெட்டாத படம், கிட்டத்தட்ட 3 மணி நேரம். அப்புறம் வெட்டிய படத்தையும் பார்த்தேன்.

வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் பதிவு செய்யும் டிரங்க் கால் காலத்தில் 3 நிமிடம்தான் ஒரு கணக்கு. 3 நிமிடம் ஆனதும் நாங்கள் நடுவில் புகுந்து, ‘த்ரீ மினிட்ஸ், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?’ என்று கேட்க வேண்டும். பேசுகிறவர் அதுவரை மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் குரல் கேட்டதும் ஒரு நொடி சும்மா இருப்பார். பிறகு, ‘இன்னொரு மூணு நிமிஷம் குடுங்கம்மா’ என்பார். சொல்ல வந்த விஷயம் அந்த இரண்டாவது 3 நிமிடத்தில்தான் இருக்கும். அப்பா உடம்பு மோசம், நிலத்தை விற்றாயிற்று, தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாடு கன்று போட்டதைக் கேட்காமல் ஒரு மனிதரால் நேரே அங்கே போக முடியாது.

‘மெய்யழகன்’ அப்படிப்பட்ட படம். சொந்தக்காரர்களோடு நடந்த சொத்துச் சண்டையில் 1996-இல் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப்போன அருள்மொழி (அரவிந்த்சாமி), 22 வருஷம் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். ‘அத்தான், அத்தான்’ என்று ஓர் ஆள் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறார். அவர் யார் என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். அன்று ராத்திரி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு வளவளவென்று போகிறது என்பதுதான் உங்கள் கணவரின் குறை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். வெட்டிய படத்தில் கதை வேகமாகப் போகிறது. ஆனால் அந்த ராத்திரி சின்னதாகிவிட்டது. ராத்திரி சின்னதானால், விடியற்காலையில் அருள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போவதன் கனமும் குறைகிறது.

ஒன்றை மட்டும் உங்கள் கணவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஜல்லிக்கட்டு பற்றி வரும் பேச்சில், அந்த ஆள் பேசுவது நின்று இயக்குநர் பிரேம்குமார் பேசத் தொடங்கிவிட்டார் என்றுதான் எனக்கும் பட்டது. குரல் அதேதான், மூச்சு வேறு.

அப்புறம் அந்தப் பெயர். எங்களிடம் ‘பி.பி. கால்’ என்று ஒன்று இருந்தது. எண்ணுக்குப் பேசுவது வேறு, ஆளுக்குப் பேசுவது வேறு. பி.பி. என்றால் குறிப்பிட்ட அந்த ஆள் லைனுக்கு வந்தால்தான் பேச்சு. அதற்கு நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘யார்கிட்ட பேசணும், பேர் சொல்லுங்க.’ பெயர் தெரியாமல் பி.பி. கால் போட முடியாது. இந்தப் படத்தில் அருள் கடைசியில் போனை எடுக்கிறார், எதிரில் இருப்பவரின் பெயர் தெரியாமலேயே. அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று நின்று கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனவர்கள் நாங்களெல்லாம். அந்த ஊர்ப் பெயரைத் திரையில் சொன்னபோது அரங்கத்தில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

‘கொட்டுக்காளி’யைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பின்னணி இசையே இல்லாமல் எப்படி ஒரு படத்தைப் பார்ப்பது? 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.
(சேலம் வாசகர்)

எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பகலில், ஃபேன் ஓட, குக்கர் விசில் அடிக்கப் பார்த்திருந்தால் தவறு படத்தின் மேல் இல்லை. ராத்திரி 10 மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் தொடங்குங்கள்.

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. அவளுக்குப் பிடித்தது பேய் இல்லை, வேற்று சாதிப் பையன். ஷேர் ஆட்டோவில் பெண்கள், முன்னும் பின்னும் பைக்கில் ஆண்கள். பலி கொடுக்கச் சேவலும் கூடவே வருகிறது. இவ்வளவுதான் கதை. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. இந்தப் படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் முதலில் திரையிடப்பட்டது.

இசை இல்லை என்கிறீர்கள். ஆட்டோவின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். அது ஓடும்போது எல்லாரும் பேசுவார்கள். வண்டி நின்று இன்ஜின் அணைந்ததும் வெளியே காற்றின் சத்தம் வரும். அந்த நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் அது எல்லார் காதிலும் விழும், அதனால் யாரும் பேசமாட்டார்கள். மீனாவைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டிக்கு (சூரி) தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். அதட்டிப் பழகிய ஆண், அதட்டக் குரல் வராமல் தவிக்கிறான். இதைவிட நல்ல பின்னணி இசை ஏது?

மீனாவாக வரும் அன்னா பென் படம் நெடுக வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். வழியில் எங்கோ ஒலிக்கும் ஒரு சினிமாப் பாட்டை மட்டும் தன்னை மறந்து முணுமுணுக்கிறாள். முணுமுணுப்புதான், பாட்டுகூட இல்லை. அதற்கு விழுகிறது அடி, அவளுக்கு மட்டுமில்லை, தடுக்க வந்த பெண்களுக்கும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் முணுமுணுப்பை எத்தனை பேர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரருக்கு 4 வருஷமாக இடது காது கேட்பதில்லை. வலது காதிலும் பாதிதான். வீட்டில் எந்தப் படம் போட்டாலும் கீழே எழுத்து ஓட வேண்டும். இந்தப் படத்தை எழுத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் சொன்னார்: ‘இந்தப் பொண்ணு எதுவும் பேசல, ஆனா எனக்கு எல்லாம் கேக்குது.’ நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பார்த்தேன்.

வழியில் ஒரு காளை மாடு ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும். இத்தனை ஆண்களும் அதை நகர்த்த முடியாமல் நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிக்கொண்டு போவாள். அந்த இடம் வரைக்குமாவது பாருங்கள்.

‘கொட்டுக்காளி’ வந்த நாளில்தானே ‘வாழை’யும் வந்தது? இரண்டில் எது?
(ஸ்ரீவைகுண்டம் வாசகர்)

2024 ஆகஸ்ட் 23, இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை. இரண்டையும் தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

‘வாழை’ உங்கள் பக்கத்து மண். 1999-இல் வாழைத்தார் ஏற்றிய லாரி கவிழ்ந்த விபத்திலிருந்து, தன் பிள்ளைப் பிராயத்திலிருந்து, மாரி செல்வராஜ் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ரஜினியா கமலா என்று இரண்டு பையன்கள் சண்டை போடுவதும், டீச்சர் மேல் கதை நாயகனான பையனுக்கு வரும் பாசமும் சிரிக்கச் சிரிக்க வருகின்றன. லீவு நாளில் வாழைத்தார் சுமந்து கழுத்து வலிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் சொர்க்கம் என்பதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை, மணி அடித்ததும் அவன் ஓடும் ஓட்டத்தில் தெரிகிறது.

கடைசியில் வரும் ஒப்பாரி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பசியோடு வந்த பிள்ளையை ஒரு வாய் சாப்பிட விடவில்லையே என்று அந்தத் தாய் அழுகிறாள். சாவுக்கான அழுகை சோற்றுக்கான அழுகையாக மாறும் இடம் அது. சாவுச் செய்தி சொல்லும் எத்தனையோ கால்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். எதிர்முனையில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ‘எப்போ?’ என்பதில்லை. ‘சாப்பிட்டாரா?’ என்பதுதான். அந்த ஒப்பாரியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

பழைய படங்களை மறுபடி தியேட்டரில் போடுகிறார்களே, போய்ப் பார்த்தீர்களா?
(வேலூர் வாசகி)

‘கில்லி’க்குப் போனேன், 2024 ஏப்ரலில். 2004-இல் வந்த படத்துக்கு இத்தனை கூட்டமா என்று இருந்தது. பிரகாஷ்ராஜ் ‘செல்லம்’ என்று சொல்வதற்கு முன்னாலேயே அரங்கம் முழுக்கச் சொல்லிவிட்டது. அவர் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அது ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் இல்லை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எங்கள் தமிழ் சரியாக இருந்ததா என்று நாங்கள் இங்கே கதைத்துக்கொண்டே இருக்கிறோம். இந்தியத் தமிழராக உங்களுக்கு எப்படிக் கேட்டது?
(யாழ்ப்பாண வாசகர்)

சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

1980-களின் நடுவில் நான் திருச்சியில் இருந்தபோது, உங்கள் மண்ணிலிருந்து வந்தவர்கள் கொழும்புக்குப் பேசப் பதிவு செய்வார்கள். லைன் கிடைக்க மணிக்கணக்காகும். ‘அம்மா, கதைக்கலாமோ?’ என்று ஒருவர் கேட்ட அந்தக் குரல் இப்போதும் நினைவிருக்கிறது. ஆமாம் என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’ என்ற ஒரு சொல்லில் அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று வெளிப்பட்டுவிடும். அதுதான் இந்தப் படத்தின் முடிச்சு. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டு இராமேஸ்வரம் வந்து இறங்கும் குடும்பம், பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில். வாய் திறந்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கேரளாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். தமிழ் பேசும் ஊருக்கு வந்து தமிழை மறைத்து வாழ வேண்டும். 2025 மே 1 அன்று வந்த படம், எடுத்தவர் அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர். முதல் படத்திலேயே இப்படி ஒரு முடிச்சைப் பிடித்தவரை வாழ்த்துகிறேன்.

சசிகுமாரின் குரலில் சில இடங்களில் மதுரை எட்டிப் பார்த்தது என்பது என் காது. அந்தச் சின்னப் பையன் கமலேஷ் பேசும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாரும் இத்தனை நல்லவர்களாக இருக்கிறார்களே என்ற குறையைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் கடைசி அரை மணி நேரத்தில் அது தோன்றியது. ஆனால் அந்தக் குடியிருப்பில் ஒரு வயதான தம்பதி வருகிறார்களே, இளங்கோ குமரவேலும் அவர் மனைவியாக ஸ்ரீஜா ரவியும், அங்கே என் குறையெல்லாம் போய்விட்டது. ஸ்ரீஜா ரவி யாரென்று பலருக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்காகப் பிற நடிகைகளுக்குக் குரல் கொடுத்தவர். இத்தனை நாள் இன்னொருவரின் முகத்தோடு நாம் கேட்ட குரல், அதன் சொந்த முகத்தோடு வந்து நின்றது. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, ‘ராத்திரி டூட்டியில பேசற அந்தப் பொண்ணு யாரும்மா, ஒருதரம் பாத்துட்டுப் போறேன்’ என்று நின்றார். அது நான்தான். அந்த நாள் ஞாபகம் வந்தது.

மலையாளப் படங்களை டப்பிங்கில் பார்ப்பதா, மூலத்திலேயே பார்ப்பதா?
(திண்டுக்கல் வாசகர்)

உங்கள் மலையில் நடக்கும் கதையையே எடுத்துக்கொள்வோம். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024-இல் தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடி வெற்றி பெற்றது. கொடைக்கானல் குணா குகையில் 2006-இல் நடந்த உண்மைச் சம்பவம். குழிக்குள் விழுந்த நண்பனின் பெயரைச் சொல்லி மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். பதில் வராது. கத்திக் கத்தித் தொண்டை போகும். அப்புறம் உள்ளிருந்து ஒரு குரல் லேசாக வரும். அந்தக் கத்தலைக் கொச்சிக்காரப் பையன்கள் தங்கள் மொழியில்தான் கத்த வேண்டும். வேறு மொழியில் போட்டால் அது வேறு குழி. அதே பையன்கள் இங்கே வந்து தமிழ் பேசத் தடுமாறுவதும் கதையின் பகுதிதான்.

அதற்காக டப்பிங் கலைஞர்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். ‘96’ படத்தில் ஜானுவாக வந்த த்ரிஷாவின் குரல் சின்மயி. அந்தப் படத்தில் ஜானுவை எத்தனை பேர் நேசித்தார்கள்! அதில் பாதி, குரலுக்குப் போன நேசம்.

தியேட்டருக்குப் போனால் தலைவலியோடு திரும்புகிறேன். வசனமே கேட்பதில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. வயதாகிவிட்டதா எனக்கு?
(கோவை வாசகி)

இல்லை. என் பேத்திக்கு 11 வயது, அவளும் காதைப் பொத்திக்கொள்கிறாள். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது இரைச்சல் பற்றி ஊரே பேசி, ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும்.

என் அண்ணன் மகன் தியேட்டர் ஆபரேட்டர். அவனிடம் உட்கார்ந்து கேட்டேன். டால்பி கருவியில் ஒலி அளவுக்கு ஒரு எண் உண்டு, 7 என்பது முறைப்படியான நிலை. படத்துக்கு ஒலி சேர்க்கும் அறையில் 7-இல் வைத்துக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், தியேட்டரிலும் 7-இல் வைத்துத்தான் போட வேண்டும். நடப்பது என்னவென்றால், சத்தம் தாங்காமல் ஜனங்கள் குறை சொல்ல, தியேட்டரில் 5-க்கு இறக்கிவிடுகிறார்கள். இறக்குவார்கள் என்று தெரிந்து ஒலி சேர்க்கும் அறையில் இன்னும் ஏற்றிச் சேர்க்கிறார்கள். இவர்கள் இன்னும் இறக்க, அவர்கள் இன்னும் ஏற்ற. நடுவில் நசுங்குவது வசனம். சத்தமான இடத்துக்காக மொத்தத்தையும் இறக்கும்போது, மெதுவாகப் பேசும் இடம் காதுக்கு எட்டாமல் போகிறது.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: லைன் சரியில்லாவிட்டால் கத்தாதே, நிறுத்திப் பேசு. பெரிய படங்களுக்கு இசையும் ஒலியும் சேர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோளாகவே இதை வைக்கிறேன். நீங்கள் கெட்டிக்காரர்கள். ஒரு காட்சியில் ஒரே ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நாங்கள் எழுந்து ஓடமாட்டோம், முன்னால் நகர்ந்து உட்காருவோம்.

உங்களுக்கு ஒரு உபாயம். இடைவேளையில் மேனேஜரிடம் போய்ப் பணிவாகச் சொல்லுங்கள். போன மாதம் நான் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார். பின்னாலேயே இன்னும் 4 பெண்கள் வந்து நின்றார்கள். இரண்டாம் பாதியில் குறைத்தார்கள்.

ஒலிக்காகவே ஒரு வெளிநாட்டுப் படம் சொல்லுங்கள்.
(புதுச்சேரி வாசகர்)

‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’. 2024 மார்ச்சில் சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும், சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. இயக்குநர் ஜோனதன் கிளேசர். பார்த்து 3 மாதமாகிறது, இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ், மனைவி குழந்தைகளோடு முகாம் சுவரை ஒட்டிய வீட்டில் வாழ்கிறான். பூந்தோட்டம், காய்கறிப் பாத்தி, பிள்ளைகள் குதிக்கச் சின்னக் குளம். கேமரா ஒருமுறைகூட முகாமுக்குள் நடக்கும் கொலைகளைக் காட்டுவதில்லை. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. துப்பாக்கி, அலறல், நாய்க்குரைப்பு, பிணங்களை எரிக்கும், இரவும் பகலும் ஓயாத உலையின் உறுமல். இந்தப் பக்கம் ஹோஸின் மனைவி பூச்செடியைக் காட்டி, வாசனை பிடித்துப் பார் என்று குழந்தைக்குச் சொல்கிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கும்பகோணத்தில் ஸ்ட்ரவுஜர் எக்ஸ்சேஞ்ச், சுவிட்சுகள் நகர்ந்து இணைப்புக் கொடுக்கும் பழைய முறை. பக்கத்து அறையில் ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் கடகடவென்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் வீட்டுக்குப் போயும் தூக்கமில்லை, காதுக்குள் அதே கடகட. ஒரு மாதத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமலே போய்விட்டது. நின்றால்தான் தெரியும். அது வெறும் இயந்திரம். இந்தப் படத்தில் அந்த அம்மாளுக்கு மனிதர்களின் அலறலே அப்படி ஆகியிருக்கிறது. படம் ஓடி ஒரு மணி நேரம் ஆனபோது எனக்கு ஒரு பயம் வந்தது, ஏனென்றால் எனக்கும் அந்தச் சத்தம் கேட்பது குறைந்திருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. ஒரு படம் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

அந்த அம்மாளின் தாயார் விருந்தாளியாக வருகிறாள். மகள் இத்தனை வசதியாக இருக்கிறாளே என்று பூரிக்கிறாள். ஒரு ராத்திரி ஜன்னலில் நெருப்பின் வெளிச்சம் விழுகிறது. அவளுக்கு இன்னும் பழகவில்லை. காலையில் பார்த்தால் ஆள் இல்லை, ஒரு கடிதம் மட்டும். கடிதத்தில் என்ன இருந்தது என்று நமக்குச் சொல்வதில்லை. மகள் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள்.

இந்தப் படத்தை எழுத்தோடு மட்டும் பார்த்த என் வீட்டுக்காரர், ‘ஒரு பணக்காரக் குடும்பத்துக் கதை, இதில் என்ன?’ என்று கேட்டார். நிறுத்தி நிறுத்தி, சுவருக்கு அப்பால் என்ன கேட்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டு பக்கம் ஆனதும் போதும் என்றார். அந்தக் காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.

மனசுக்கு இதமாக ஏதாவது?
(காரைக்குடி வாசகி)

‘பெர்ஃபெக்ட் டேஸ்’. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்கள். நடித்த யாகுஷோ கோஜி 2023-இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அவர் கடிகார மணி வைத்துக்கொள்வதில்லை. தெருவை ஒருவர் துடைப்பத்தால் பெருக்குகிறாரே, அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறார். வாசல் பெருக்கும் சத்தத்தில் எழுந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேனில் கேசட் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். காலையில் பாருங்கள், காபியோடு.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அம்மா. ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனால் அப்பாவும் நானும் ‘சாப்டியா’வுக்கு மேல் பேசுவதில்லை. இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.
(அரியலூர் வாசகர்)

‘லப்பர் பந்து’ தம்பி. 2024 செப்டம்பரில் வந்தது, நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய். பரவாயில்லை, அப்பாவோடு இன்னொரு தரம் பார்.

பெயரைப் பார், ரப்பர் இல்லை, லப்பர். காதில் விழுவதை அப்படியே எழுதியிருக்கிறார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. ‘கெத்து’ என்று பட்டப்பெயர் வாங்கிய நடுவயதுக்காரர் (அட்டகத்தி தினேஷ்) மனைவிக்குத் தெரியாமல் கிரிக்கெட் ஆடப் போகிறார். அவருக்கு எதிரே, எந்த டீமிலும் நிலையான இடம் கிடைக்காத அன்பு (ஹரிஷ் கல்யாண்). அன்பு காதலிப்பது கெத்துவின் மகளை. திறமை இருந்தும் ஒரு பையனை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை என்ற சாதிக் கணக்கை, ஆட்டத்தின் நடுவிலேயே, கையைப் பிடித்து இழுக்காமல் சொல்லிவிடுகிறார்கள். மாமியார், மனைவி, மகள் என்று அந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் சொந்தமாக ஒரு குரல் இருக்கிறது. மனைவியாக வரும் சுவாசிகாவின் குரலில் கோபமும் பிரியமும் ஒரே மூச்சில் வரும், அதைக் கவனி.

கெத்து மட்டையோடு இறங்கும்போதெல்லாம் மைக் செட்டில் ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்து இளையராஜா பாட்டு ஒன்று ஒலிக்கும், விஜயகாந்த் படப் பாட்டு. அந்த இடத்தில் நீ திரையைப் பார்க்காதே, அப்பாவைப் பார். அவர் வயதுக்காரர்கள் அந்தப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அப்படிப் போட்டால் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ‘நீங்க எந்த டீம்ல ஆடினீங்கப்பா?’ என்று கேள். ஆடவில்லை என்றால், யார் ஆடுவதைப் பார்க்கப் போனார் என்று கேள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, அப்போது அவருக்கு வேறு வேலை இருக்காது. மீதிப் படத்தை எப்போது பார்த்தீர்கள் என்று எனக்கு எழுது. டீமின் பெயரையும் மறக்காமல் எழுது.